மின்கலமும் இரும்பும்

சென்ற தவணை முடிவில், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவனொருவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து தயங்கி நின்றான். தமிழ் மன்றத்தில் மின்கலங்கள் பற்றிச் சொற்பொழிவாற்ற இசைந்திருந்தான் போலும். "மின்பகுப்புப் பாடத்தில் கதோட்டை எதிர்மின்வாய் என்று படித்தோம், சேர், மின்கலத்தைப் பற்றிய நூலில் அதையே நேர்மின்வாய் என்று எழுதியிருக்கிறார்கள். மேடையில் எந்தச் சொல்லைச் சொல்வது?" என்று வினாவினான். நாம் விஞ்ஞானம் கற்பிப்பவரல்லேம். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்தோடு தமிழ் கற்பித்து வருபவர். எனினும், சொல்லைப் பற்றிய ஐயம் தமிழாசிரியரிடம் வந்தபின் அதனை அடுத்த அறைக்கு அனுப்பிவைத்தல் அழகன்று. ஒரு கிழமை அவகாசம் கேட்டோம். இரசாயன ஆசிரியரை இடைவேளைகளில் ஓயாது துன்புறுத்தினோம், கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். ஒரு கிழமை மூன்று மாதமாயிற்று. மாணவனுக்குச் சொல் கிடைத்தது. எமக்கோ சொல்லோடு ஒரு கருத்தும் கிடைத்தது. யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டிய சங்கத்தார் எம்மிடம் புலவர் வரலாறு ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். பொறுத்தருள்க.

முதலிற் சொல்லைத் தீர்த்துவிடுவோம். இலத்திரனை உட்கொள்ளும் வாய் எதுவோ அதுவே கதோட்டு. மின்பகுப்பில் அது வெளி முதலின் எதிர்முனையோடு இணைக்கப்படுதலின் எதிர்மின்வாய் எனப்பட்டது. மின்னைத் தரும் கலத்திலோ அதுவே நேர்முனையாகிறது. மீளமின்னேற்றப்படும் கலத்தில் சிக்கல் இன்னும் மிகும். மின்னிறங்கும்போது இலத்திரனை ஏற்கும் வாய், மின்னேறும்போது அதனை விடுகிறது. தொழிலை நோக்கின் அப்போது அதன் பெயரும் மாறல் வேண்டும். ஆனால் இத்துறையார் மின்னிறக்கத்தையே அடிப்படையாகக் கொண்டு எப்போதும் கதோட்டு என்றே வழங்கி வருகின்றனர். தொழில் மாறினும் அவ்வாய் நேர்முனையாக இருத்தல் மாறுவதில்லை. ஆதலின் மின்கலத்தைப் பொறுத்தவரை நேர்மின்வாய் என்பதே பிழைபடாத சொல் என்றோம். மாணவன் மகிழ்ந்து சென்றான். இக்கட்டுரையிலும் அச்சொல்லையே ஆள்வோம்.

நிற்க. இலிதியம் அயன் மின்கலம் என்பது எம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி தொடங்கி, தெருவில் ஓசையின்றிச் செல்லும் மின்வாகனம் வரை எங்கும் உறைவது. அதன் எதிர்மின்வாய் பெரும்பாலும் காரீயம். (எம் நாட்டுப் போகலைக்கும் ககட்டகககைக்கும் புகழ் தந்த அதே காரீயந்தான், ஆயினும் இன்று நாம் பேசப்புகுவது மறுவாயைப் பற்றி.) மின்னிறங்கும்போது இலிதியம் அயன், காரீயத்தின் படைகளினின்றும் புறப்பட்டு, மின்பகுபொருளினூடே சென்று, நேர்மின்வாயின் பளிங்கினுள் நுழைந்து அமர்கிறது. அதனின்று பிரிந்த இலத்திரன் வெளிக்கம்பி வழியே சுற்றி, விளக்கை எரித்துவிட்டு, அதே பளிங்கினுள் வந்து சேர்கிறது. மின்னேற்றும்போது இருவரும் வந்த வழியே திரும்புவர். இவ்வளவே அதன் தொழில். ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு விருந்தினர் வந்து தங்கிப் போனாலும் வீடு இடியாது நிற்றல் வேண்டும். அவ்வீடே நேர்மின்வாய். கலத்தின் பாரத்திலும் விலையிலும் பெரும்பங்கு அதனுடையதே. காரீயம் கிராமுக்கு 372 மில்லியம்பியர் மணி வரை கொள்ளவல்லது. நேர்மின்வாய்ப் பொருள்களோ 140 முதல் 200 வரையில் நின்றுவிடுகின்றன. எனவே ஆராய்ச்சியாளர் ஐம்பது ஆண்டாக அவ்வாயையே சுற்றிச் சுற்றி வருவதில் வியப்பில்லை.

அவ்வரலாற்றை விரிவாகச் சொல்ல இடமில்லை. 1976 இல் ஸ்ரான்லி விற்றிங்காம் என்பார் தைத்தேனியம் இருசல்பைட்டினுள் இலிதியம் புகுந்து மீளுவதைக் காட்டினார். அக்கலம் இரண்டரை உவோற்றுக்கு மேற் செல்லவில்லை. மறுபுறத்தில் உலோக இலிதியத்தை வைத்தமையால் தீப்பிடிக்கும் அச்சமும் இருந்தது. சல்பைட்டின் இடத்தில் ஒட்சைட்டை வைத்தால் உவோற்று உயரும் என்று ஒக்சுபோட்டில் இருந்த ஜோன் குடினஃப் கருதினார். அவரும் யப்பானியராகிய கோயிச்சி மிசுசிமா முதலியோரும் 1980 இல் இலிதியம் கோபாற்று ஒட்சைட்டை வெளிப்படுத்தினர். நான்கு உவோற்று. அதன் பின்னர் யப்பானில் அக்கிரா யோசினோ என்பார் மறுவாயிற் காபன்பொருளை வைத்து 1985 இல் கலத்தை ஒழுங்கு செய்ய, 1991 இல் சோனி நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. மூவருக்கும் 2019 இல் நொபெல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃப்புக்கு வயது 97. நொபெல் பரிசு பெற்றோருள் அவரே மூத்தவர். 2023 ஆம் ஆண்டு, நூறு வயது நிறைந்து, அவர் காலமானார்.

கோபாற்று ஒட்சைட்டின் அமைப்பு அழகானது. ஒட்சிசனும் கோபாற்றும் சேர்ந்த படைகள் மாடிகள் போல் ஒன்றன்மேலொன்று அமைய, இடைவெளிகளில் இலிதியம் தங்கியிருக்கும். ஆயினும் உள்ளிருக்கும் இலிதியத்தில் ஏறத்தாழப் பாதியையே வெளியே எடுக்கலாம். அதற்கு மேலும் எடுத்தால் மாடி சரியத் தொடங்கும். ஒட்சிசன் கழன்று வெளியேறும். எளிதிற் பற்றும் மின்பகுபொருளின் அருகே ஒட்சிசன் விடுபடுதல் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அது பளிங்கின் குறையன்று. உலகில் அகழப்படும் கோபாற்றில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கொங்கோ சனநாயகக் குடியரசு ஒன்றிலிருந்தே வருகிறது. அங்குப் பெருஞ்சுரங்கங்களேயன்றி, கையாற் குழி தோண்டிப் பிழைப்போரும் பல்லாயிரவர். அவர்களுட் சிறுவரும் இருந்தமையைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2016 இல் அறிக்கையிட்டது. நாம் மாணவர்க்குக் கைப்பேசியின் தீமைகளைப் பற்றி ஆண்டுதோறும் கட்டுரை எழுதக் கொடுக்கிறோம். நேரம் வீணாதல், கண் கெடுதல், படிப்புக் குன்றுதல் என்று எழுதுகின்றனர். அதனுள் இருக்கும் கோபாற்றைத் தோண்டிய பையனைப் பற்றி இதுவரை ஒருவனும் எழுதியதில்லை. நாம் கற்பிக்கவில்லை, அவன் எவ்வாறு எழுதுவான்?

கோபாற்றைக் குறைக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. எவ்வாறு குறைப்பது என்பதிலேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

ஒருவழி நிக்கலின் வழி. மாடி அமைப்பை அவ்வாறே வைத்துக்கொண்டு, கோபாற்றின் இடத்தில் நிக்கலையும் மங்கனீசையும் புகுத்துதல். 2001 அளவில் யப்பானியர் மூன்றையும் சமபங்காகச் சேர்த்துக் காட்டினர். பின்னர் நிக்கலின் பங்கு ஐந்தாகி, ஆறாகி, இன்று பத்தில் எட்டும் அதற்கு மேலும் ஆயிற்று. நிக்கல் மிக மிகக் கொள்ளளவு மிகும். கிராமுக்கு 200 மில்லியம்பியர் மணியை எட்டும். ஆனால் அதனோடு வருந்தொல்லைகளும் மிகும். நிக்கல் அயன் பருமனில் இலிதியத்தை ஏறக்குறைய ஒத்திருத்தலால், அதன் இருக்கையிற் போய் அமர்ந்துகொள்ளும். காற்றின் ஈரம் பட்டால் மேற்பரப்புக் கெடும். முழுதும் மின்னேற்றிய நிலையில் பளிங்கு ஒரு திசையிற் சடுதியாகச் சுருங்குதலால், மணிகள் வெடித்துப் பிளக்கும். பிளவினுள் மின்பகுபொருள் புகுந்து மேலும் அரிக்கும். ஒட்சிசனைக் கோபாற்றினும் எளிதில் விடும். இவற்றுக்கெல்லாம் மருந்து தேடியவர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. மணிகளின்மேல் அலுமினியம் ஒட்சைட்டுப் போர்வை போர்த்தினர். பிற உலோகங்களைச் சிட்டிகையளவு கலந்தனர். உள்ளே நிக்கல் மிகவும் வெளியே மங்கனீசு மிகவும் இருக்குமாறு மணியைச் சமைத்தனர். பல துகள் ஒட்டிய உருண்டைக்கு மாறாக ஒற்றைப் பளிங்கை வளர்த்தனர். ஒவ்வொன்றும் பயன் தந்தது. ஆனால் ஒரு நோய்க்கு ஒரு மருந்தாக, மருந்துகளின் பட்டியலே நீள்கிறது.

மற்றது இரும்பின் வழி. அதனையே நாம் விரிவாகச் சொல்ல விழைகிறோம்.

இரும்பு மலிவு, எங்கும் உள்ளது, நஞ்சன்று. பின்னர் ஏன் முதலிலேயே அதனை நாடவில்லை? இரும்பு ஒட்சைட்டுக் கலத்தில் உவோற்றுத் தாழ்ந்து கிடந்ததே காரணம். அத்தடையை உடைத்த கதையில் தமிழர் ஒருவர் உண்டு என்பதை அறிந்தபோது எமக்கு ஏற்பட்ட உவகையை மறைப்பானேன்? ஆறுமுகம் மந்திரம் என்பார் தமிழ்நாட்டின் தென்பகுதியிலுள்ள அமராபுரம் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்திற் கற்றுச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1981 இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பின்னர் ஒக்சுபோட்டில் குடினஃப்பிடம் சேர்ந்து, அவரோடு தெக்சாசுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். இருவரும் 1980 களின் பிற்பகுதியில், இரும்பைத் தனி ஒட்சிசனோடு வைக்காது, மொலித்தேற்றாகவும் சல்பேற்றாகவும் வைத்துச் சோதித்தனர். ஒட்சைட்டில் இரண்டரை உவோற்றுக்கும் தாழ்ந்து கிடந்த இரும்பு, மொலித்தேற்றில் 3.0 உவோற்றையும் சல்பேற்றில் 3.6 உவோற்றையும் தந்தது. இரும்பு அதே இரும்புதான், அயலே மாறியது. கந்தகம் ஒட்சிசனைத் தன்பால் இறுகப் பற்றி இழுப்பதால், ஒட்சிசன் இரும்பைப் பற்றிய பிடி தளர்கிறது. பிடி தளரவே, வந்து சேரும் இலத்திரன் இன்னும் ஆழ்ந்த நிலையில் அமர்கிறது, உவோற்று உயர்கிறது. ஒரு சொல்லின் பொருள் அதனைச் சார்ந்து நிற்குஞ் சொல்லால் மாறுவதை நாள்தோறும் வகுப்பில் விளக்கும் எமக்கு, இது விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

இவ்வழியிலே மேலும் சென்று, குடினஃப்பும் அவருடைய மாணவர் பாதி, நஞ்சுண்டசுவாமி முதலியோரும் 1997 இல் இலிதியம் இரும்புப் பொசுபேற்றைப் பற்றி எழுதினர். 3.4 உவோற்று, கிராமுக்கு 170 மில்லியம்பியர் மணி கொள்ளத்தக்கது. பொசுபரசும் ஒட்சிசனும் இறுகப் பிணைந்திருத்தலால், எவ்வளவு மின்னேற்றினும் எவ்வளவு சுட்டாலும் ஒட்சிசன் எளிதிற் கழன்று போவதில்லை. ஆனால் அதனிடமிருந்து அன்று பெற முடிந்ததோ அறுபது வீதமே. அதுவும் மிகச் சிறிய மின்னோட்டத்தில். விரைந்து எடுக்க முயன்றால் அது கையை விரித்தது. காரணம் இரண்டு. முதலாவது, அது இலத்திரனைக் கடத்துவதில் ஏறக்குறைய ஓட்டுத்துண்டுக்கு ஒப்பானது. கோபாற்று ஒட்சைட்டினும் பல்லாயிரம் மடங்கு தாழ்ந்தது. இரண்டாவது, இலிதியம் செல்லும் வழி. கோபாற்று ஒட்சைட்டில் இலிதியத்துக்கு ஒரு வெளியே கிடைக்கிறது. எத்திசையிலும் விலகிச் செல்லலாம். இரும்புப் பொசுபேற்றிலோ ஒற்றைத் திசையில் மட்டும் நீண்ட குழாய்கள். எம்மூர் ஒழுங்கைகளை நினைந்துகொள்க. இருபுறமும் வேலி, நடுவே ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருவோர் அனைவரும் நிற்க வேண்டியதுதான். ஓர் இரும்பணு இடந்தவறி அக்குழாயினுள் அமர்ந்துவிட்டால் அப்பாலுள்ள இலிதியம் யாவும் சிறைப்பட்டன.

இங்கேதான் எமக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது. இதனைத் திருத்தியவர்கள் புதிய அரும்பொருள் எதனையும் தேடிச் செல்லவில்லை. ஒழுங்கை நெடிதானால் அடைபடும். ஆகவே ஒழுங்கையைக் குறுக்கினர். மணியை மில்லிமீற்றரின் பத்தாயிரத்திலொரு பங்களவுக்குச் சிறிதாக்கினால், இலிதியம் கடக்க வேண்டிய தூரம் சொற்பமாகிறது. ஓரிடத்தில் அடைபட்டாலும் மறுமுனை வழியே வெளியேறலாம். இலத்திரன் குறைக்கு, மிசெல் ஆர்மாண்டும் அவரைச் சார்ந்தோரும் 1999 அளவில் கனடாவின் மொன்றியலிற் காட்டிய வழி, ஒவ்வொரு மணிக்கும் மெல்லிய கரிப்போர்வை போர்த்துதல். அக்கரியை எதிலிருந்து எடுக்கின்றனர் தெரியுமா? சீனியிலிருந்தும் எடுக்கலாம். மூலப்பொருள்களோடு சீனியைக் கலந்து காற்றுப் புகாத உலையிற் சுட, சீனி கரிந்து மணிகளின்மேற் படிகிறது. பாகு காய்ச்சும்போது அடிப்பிடிக்க விட்டு ஏச்சு வாங்கிய இளம்பருவம் எமக்கு நினைவு வந்தது. கரி இருத்தலால் இரும்பு மேலும் ஒட்சியேற்றம் பெறாது காக்கவும் படுகிறது. அறுபது வீதம் தந்த பொருள் இன்று தொண்ணூறு வீதத்தை எளிதிற் கடக்கிறது. மின்னோட்டமும் விரைவாகத் தருகிறது.

அப்பாலும் ஒரு குறை எஞ்சியது. பாரத்துக்கேற்ற ஆற்றல் குறைவு. நிக்கல் மிகுந்த கலம் கிலோகிராமுக்கு 250 உவாற்று மணியைத் தாண்டும்போது, இரும்புக் கலம் 160 முதல் 200 வரையில் நிற்கிறது. இதற்கு விடை இரசாயனத்திலிருந்து வரவில்லை. தட்டுமுட்டுச் சாமான் அடுக்கும் கலையிலிருந்து வந்தது. தீப்பிடிக்கும் அச்சம் குறைவாதலின், கலங்களைச் சிறுசிறு பெட்டிகளில் தனித்தனியே அடைத்துக் காக்க வேண்டிய தேவையும் குறைந்தது. சீனத்துப் பி.வை.டி. நிறுவனம் 2020 இல் நீண்ட தட்டையான கலங்களை இடைப்பெட்டியின்றி நேரே அடுக்கி, வீணான இடத்தை மீட்டது. சர்வதேச வலுச்சக்தி முகவரகத்தின் கணக்குப்படி, 2024 இல் உலகின் மின்வாகன மின்கலங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு இரும்புப் பொசுபேற்று. 1997 இல் மெதுவான வேலைக்கே உதவும் என்று எழுதப்பட்ட பொருளின் நிலை இது.

எமது கருத்து யாதெனின், நேர்மின்வாயை மேம்படுத்துதல் என்றால் எண்ணைப் பெருக்குதல் என்று கொள்ளும் வழக்கம் தவறானது. கடைக்காரர் அவ்வாறு கொள்கின்றனர்; செய்தித்தாள்கள் அவ்வாறு எழுதுகின்றன; எம் மாணவரும் பரீட்சைப் புள்ளியைப் போல அவ்வெண்ணையே வினாவுகின்றனர். கொள்ளளவு மிக்கது சிறந்தது என்பது ஆகாயவூர்திக்குப் பொருந்தும். நெடுந்தூரம் ஓடும் வாகனத்துக்கும் ஓரளவு பொருந்தும். நிலத்தில் அசையாது கிடக்கும் மின்கலத்துக்கு அது எவ்வாற்றானும் பொருந்தாது. எம் நாட்டு வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் வேண்டியது அத்தகைய கலமே. 2022 மார்ச்சு முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். எம் விடுதி மாணவர் மெழுகுதிரியைச் சுற்றி அமர்ந்து பரீட்சைக்குப் படித்தனர். நாமும் ஒப்படைகளை அவ்வொளியிலேயே திருத்தினோம். சிலவற்றில் மெழுகு சொட்டியமைக்கு மன்னிப்புக் கேட்டதும் உண்டு. அத்தகைய இரவில் மின்கலம் இருநூறு கிலோ நிறையா நூற்றைம்பதா என்று யார் கேட்பர்? வெப்பத்தைத் தாங்குமா, பிள்ளைகள் உறங்கும் கட்டடத்தில் தீக்கு அஞ்சாது வைக்கலாமா, பத்தாண்டு உழைக்குமா என்பனவே கேள்வி.

இதனை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஓர் அண்மைக் காரணம் உண்டு. யூபிலி நிதியிலிருந்து விடுதிக்கும் ஆய்வுகூடத்துக்கும் சூரிய மின்தகடுகளும் மின்கலவடுக்கும் அமைத்தல் வேண்டும் என்று பழைய மாணவரிடையே பேச்சு எழுந்துள்ளது. நல்ல எண்ணம். ஆனால் வந்த ஆலோசனைகளுள் ஒன்று, வாகனங்களினின்றும் கழற்றப்பட்ட நிக்கல் மின்கலவடுக்குகளை மலிவாக வாங்கலாம் என்பது. கனடாவில் வதியும் எம் வகுப்புத் தோழரொருவரும் அதனை ஆதரித்து எமக்கு எழுதினார். பனிக்காலத்தில் இரும்புக் கலம் சோர்ந்துவிடுகிறது. தம் அயலவரின் வாகனம் குளிரிற் பாதிவழியில் ஏமாற்றியது. நிக்கலே மேல் என்பது அவர் வாதம். அவர் சொல்வது உண்மை. கடுங்குளிரில் இரும்புப் பொசுபேற்றுக் கலம் நிக்கல் கலத்தினும் தளர்கிறது. ஆனால், மச்சான், எம் விடுதியில் எப்போது பனி பெய்தது? சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழ், எவ்வாறு நடத்தப்பட்டது என்று அறியாத, ஒட்சிசனை எளிதில் விடும் பழைய கலங்களை, நூறு பிள்ளைகள் படுக்கும் அறைக்கு அடுத்த அறையில் வைக்க நாம் உடன்படோம். சங்கக் கூட்டத்தில் இதனைச் சொன்னோம். இங்கும் எழுத்தில் வைக்கிறோம்.

இரும்பின் பக்கம் குறையே இல்லை என்று சாதிக்கவும் நாம் விரும்பவில்லை. மின்னிறங்கும்போது அதன் உவோற்றுப் பெரும்பாலும் சமமாகவே நிற்றலால், எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்தறிதல் கடினம். களைப்பைக் காட்டாது வேலை செய்து சடுதியாகச் சாயும் மனிதரைப் போல. இரும்போடு மங்கனீசைச் சேர்த்து உவோற்றை நான்குக்கு அண்மையாக உயர்த்த முயல்கின்றனர். மங்கனீசோ கடத்துவதில் இரும்பினும் மந்தம். இவை ஆய்வுகூடத்துக் குறைகள், அங்கேயே தீரலாம். பெருங்குறை வேறு. கோபாற்றும் நிக்கலும் விலையுயர்ந்தவையாதலின், இறந்த கலத்தை விலைகொடுத்து வாங்கி அவற்றைப் பிரித்தெடுப்போர் உளர். இரும்புக் கலத்தில் மீட்கத் தகுந்த விலைப்பொருள் இலிதியமும் செம்பும் அலுமினியமுமே. நேர்மின்வாயின் மலிவே அதன் மரணத்தின் பின் பகையாகிறது. இன்று மகிழ்ந்து வாங்குங் கலங்கள் பன்னிரண்டு ஆண்டின்பின் எந்தப் பனங்காணியில் எறியப்படும்? எம் தோழருக்கு விடையெழுதியபோது இவ்விடத்திலேதான் எம் பேனா சற்று நின்றது.

இரும்பு எங்கும் உண்டு என்று மேலே சொன்னோம். அறிவு அவ்வாறு எங்கும் கிடைப்பதில்லை. இன்று இப்பொருளைச் சமைக்கும் தொழில் ஏறத்தாழ முழுதும் சீனத்திலேயே நடக்கிறது. அந்நாடு 2025 யூலையில் நேர்மின்வாய்ப் பொருள் ஆக்கும் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொணர்ந்தது. அதே ஆண்டில் கொங்கோவும் கோபாற்று ஏற்றுமதியை முதலில் நிறுத்திப் பின்னர்ப் பங்கீடு செய்தது. ஒருவர் மண்ணை அடைக்கிறார்; ஒருவர் செய்முறையை அடைக்கிறார். இரண்டுள், மாணவர் உள்ள நாடு இரண்டாவதற்கே அஞ்ச வேண்டியதில்லை என்று நாம் எண்ணுகிறோம். செய்முறையைப் படித்துப் பிடிக்கலாம். மண்ணைப் படித்து உண்டாக்க முடியாது.

மண்ணைப் பற்றிப் பேச்சு வந்தமையால் ஒன்று. பொசுபேற்று எமக்கு அயலானதன்று. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971 இல் அது கண்டறியப்பட்டது. பின்னர் அதனைப் பெருமளவில் அகழ்ந்து ஏற்றுமதி செய்ய எழுந்த திட்டத்தை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுக்க, முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இன்றி அது நடைபெறலாகாது என்று உயர் நீதிமன்றம் 2000 இல் தீர்த்தது. இனி எவரேனும் மின்கலத்தின் பெயரால் அங்கு மண்வெட்டியோடு செல்வாராயின், அத்தீர்ப்பை முதலிற் படித்துவிட்டுச் செல்லட்டும். கொங்கோவிற் பிறர் பிள்ளைகள் தோண்டுவதைக் குறைகூறிவிட்டு, எம் குளங்களையும் வயல்களையும் நாமே தோண்டிக் கெடுத்தல் ஆகாது.

யூபிலிக் குழுவினருக்கு எம் வேண்டுகோள் சிறியது. கேள்விப்பத்திரம் கோரும்போது விலையோடு இன்னும் இரண்டை எழுதித் தருமாறு ஒவ்வொரு வணிகரையும் கேட்க: கலத்தின் நேர்மின்வாய் எப்பொருளால் ஆனது என்பது ஒன்று, கலம் இறந்தபின் அதனை மீளப் பெற்றுக்கொள்பவர் யார், எங்குக் கொண்டுசெல்வார் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடையளிக்க இயலாதவரிடம் வாங்கவே வேண்டாம். இரண்டாவதற்குப் பலர் விடையளியார் என்றே எண்ணுகிறோம். அளிக்கும் ஒருவர் சற்று அதிக விலை கேட்பினும் அவருக்கே கொடுக்க. கூடுதற் செலவுக்கு நிதி போதாதெனின், மலரின் மினுக்குத்தாளைக் குறைத்துச் சாதாரண தாளில் அச்சிடலாம். இக்கட்டுரை எத்தாளிலும் வாசிக்கத்தக்கதே.

மாணவனின் சொற்பொழிவு வரும் தவணை இரண்டாங் கிழமை, வெள்ளிக்கிழமை, தமிழ் மன்றத்தில் நிகழும். சீனியைச் சுட்டுக் கரியாக்குதலைச் சபையின் முன்னே செய்து காட்டப்போவதாகக் கூறியுள்ளான். அதிபர் இன்னும் அனுமதி வழங்கவில்லை.